காரை மாற்றியது ஒரு நாள், காலை மாற்றியது மூன்று மாதம்

மாமாவின் பழைய கொரோலாவில், பின் பம்பரின் இடது மூலையில், மூன்று நிறத்தில் கீறல் இருந்தது. வெள்ளை, அவருடைய சொந்த வீட்டு மதில். பச்சை, கோயில் மடத்துக் கேற். அதை இடித்த அன்றைக்கே ஐயரிடம் போய்ச் சொல்லி, பெயின்ற் அடிக்கக் காசும் கொடுத்துவிட்டு வந்தவர். மூன்றாவது சிவப்பு. "உது எங்கை பட்டது மாமா?" என்று கேட்டேன். குனிந்து பார்த்தார், விரலால் தடவினார், கண்ணாடியைக் கழற்றிச் சாரத்தில் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடியும் பார்த்தார்.

"தெரியேல்லையடா தம்பி."

நான் கார் ஓடப் பழக்குகிறவன், இருபத்திரண்டு வருடமாக இதுதான் தொழில். மதிலில் இடிப்பது எனக்கு ஒரு விஷயமே இல்லை. யாழ்ப்பாணத்து ஒழுங்கைகளில் மதிலில் உரசாமல் கார் வைத்திருக்கிறேன் என்று யாரும் சொன்னால், அந்தக் கார் கராஜை விட்டு வெளியே வருவதில்லை என்று அர்த்தம். ஆனால் இடித்ததே தெரியாமல் வீட்டுக்கு வந்து சேர்வது வேறு. அன்றைக்கு இரவே ஒரு சி.ஆர். கொப்பியில் இதை ஒரு கேஸ் மாதிரி எழுதத் தொடங்கினேன். இது அந்தக் கொப்பியில் இருந்து எடுத்து எழுதுவது. மாமாவுக்கு வாசித்துக் காட்டி, பெயர் போடக்கூடாது என்ற நிபந்தனையோடு ஓம் வாங்கியிருக்கிறேன்.

ஆள் விபரம்

வயது 72. ஓய்வுபெற்ற விவசாயப் போதனாசிரியர், வலிகாமத்தில் அவர் இறங்காத தோட்டம் குறைவு. பதினெட்டு வருட நீரிழிவு, அதோடு பிரஷர். இருப்பது கொக்குவிலில். பிள்ளைகள் இருவரும் கனடாவில், வீட்டில் மாமாவும் மாமியும் மட்டும். மாமிக்கு இரண்டு முழங்காலும் தேய்ந்துவிட்டது. கார், டீசல் கொரோலா 110, மனுவல் கியர், யாழ்ப்பாணத்தைத் தெற்கோடு இணைக்கும் ஏ9 வீதி திறந்து அடுத்த வருடம் கொழும்பில் வாங்கி அவரே ஓடிக்கொண்டு வந்தது.

இன்னொன்றையும் எழுத வேண்டும். எனக்குக் கார் பழக்கியவர் இவர்தான். 1993ஆம் ஆண்டு, பொருளாதாரத் தடைக் காலம், பெற்றோல் மருந்து மாதிரி. ஒரு பழைய ஒஸ்ரின் ஏ40. சின்னப் போத்தலில் இருந்து கொஞ்சம் பெற்றோல் விட்டு ஸ்ராட் பண்ணி, எஞ்சின் சூடானதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றி, ஊர் முழுக்கப் புகை கக்கிக்கொண்டு போவோம். "கிளச்சை முட்டையில கால் வைக்கிற மாதிரி விடு" என்று சொல்லித் தந்தவர். அந்த மனிசனுக்கு "இனி ஓடாதேங்கோ" என்று சொல்ல எனக்கு வாய் வராது. பிள்ளைகளுக்கு வரும். ஞாயிறு தவறாமல் வாட்ஸ்அப்பில் வந்து, "அப்பா, ஓட்டோ பிடிச்சுப் போங்கோ, காசு நாங்கள் அனுப்புறம்" என்பார்கள். அவர் முழுவதையும் கேட்டுவிட்டு, "இந்தா அம்மாவோட கதை" என்று போனை நீட்டிவிடுவார்.

கொப்பிக் கணக்கு

கார் மாற்றுவது பற்றி முதலில் ஒரு கதையும் கதைக்கவில்லை. இரண்டு கிழமைக்குக் கார் கேற்றைத் தாண்டும் ஒவ்வொரு தடவையும், எங்கே, எத்தனை மணிக்கு என்று எழுதச் சொன்னேன். எழுதியது மாமி. மொத்தம் 23 பயணம். அதில் 19 ஐந்து கிலோமீற்றருக்குள்: தின்னவேலிச் சந்தை, கோயில், வங்கி, ஆஸ்பத்திரி கிளினிக், பக்கத்து வீட்டுப் பிள்ளையை ரியூஷனில் இருந்து ஏற்றி வருவது. இரண்டு பயணம் சாவகச்சேரித் தென்னங்காணிக்கு, இரண்டு மானிப்பாய்க்கு. கொழும்புக்குக் காரில் போவதைக் கொரோனாவுக்கு முன்னமே விட்டுவிட்டார், ரயில்தான். அப்படிப் பார்த்தால் அந்த 4.3 மீற்றர் நீளமான காரை ஏ9இல் ஓடுவதற்கென்று வாங்கி, சந்தைக்குக் கத்தரிக்காய் வாங்க ஓடிக்கொண்டிருந்தார்.

2022இல் எரிபொருள் தட்டுப்பாட்டின்போது கியூஆர் முறையில் காருக்கு வாரத்துக்கு 20 லீற்றர் என்று அளந்தார்களே, ஊரே திட்டியது, மாமாவுக்கு அதில் மிச்சம் வந்தது. இதை நான் ஞாபகப்படுத்தியபோது மாமாவுக்கே சிரிப்பு வந்துவிட்டது.

ஆனால் கொப்பியில் இல்லாத ஒன்றை மாமி குசினியில் வைத்துச் சொன்னா, தேத்தண்ணி ஆற்றிக்கொண்டே, குரலைத் தாழ்த்தி. "தம்பி, ஆறு மணிக்குப் பிறகு றோட்டைப் பாக்கிறது நான். அவர் ஸ்டியரிங்கை மட்டும்தான் பிடிக்கிறார்." ஒரு மாதத்துக்கு முன்னம் பலாலி வீதியில், எதிரே வந்த மோட்டார் சைக்கிள் வெள்ளை லைற்றை நேரே முகத்தில் அடிக்க, அதற்குப் பின்னால் லைற் இல்லாமல் வந்த சைக்கிள்காரனை மாமா காணவே இல்லையாம். மாமி கத்தின கத்தில் பிரேக் பிடித்தாராம். இருவரும் அதை யாருக்கும் சொல்லவில்லை.

23 பயணத்தில் இருட்டில் நடந்தவை ஆறு. அந்த ஆறும்தான் பிரச்சினை. மிச்சம் பதினேழும் அநேகமாகப் பிரச்சினையே இல்லை, கேற்றுக்குள் றிவேர்ஸில் எடுப்பதைத் தவிர.

முதலில் கண், பிறகு கார்

இதில் நான் பிடிவாதமாக நின்றேன். இருபது வயதுக் கண்ணோடு பார்த்தால் அறுபது வயதுக் கண்ணின் விழித்திரைக்குப் போய்ச் சேரும் வெளிச்சம் மூன்றில் ஒரு பங்குதான் என்பார்கள். கிருஷ்ணமணி சுருங்கிவிடும், வில்லையும் மஞ்சளாகிவிடும். அதோடு வெள்ளை (கண்புரை) படர்ந்தால், எதிரே வரும் லைற் ஒரு புள்ளியாகத் தெரியாமல் பூவாக விரியும். பரிசோதித்தபோது மாமாவின் இரண்டு கண்ணிலும் வெள்ளை, வலது கண்ணில் கூட. "லைசன்ஸ் புதுப்பிக்கேக்கை மெடிக்கல் பாஸ் பண்ணினனான்தானே" என்று வாதாடினார். லைசன்ஸ் எட்டு வருடத்துக்குச் செல்லும். மருத்துவச் சான்றிதழ் அன்றைய நாளின் கண்ணைத்தான் சொல்லும். இரண்டு கண்ணுக்கும் ஒன்றன்பின் ஒன்றாக ஒப்பறேஷன் முடிந்து, புதுக் கண்ணாடி வந்து, டொக்டர் ஓம் சொல்லும்வரை சாவி என் வீட்டு அலுமாரியில் இருந்தது. அந்த இடைவெளியில் அவர் ஓட்டோவிலும் பஸ்ஸிலும் போய்ப் பழகினது பிறகு பெரிய உதவியாக வந்தது.

கண்ணைத் தவிர இரண்டு விஷயம் பார்த்தேன். ஒன்று கழுத்து: தோளைத் தாண்டித் திரும்பாது, இடுப்போடு சேர்ந்துதான் திரும்பும், அதனால்தான் இடது பின் மூலை அவருக்கு இல்லாத ஒரு தேசம். மற்றது பாதம். நீரிழிவு கனகாலம் இருந்தால் உள்ளங்கால் விறைக்கும், பெடலில் எவ்வளவு அழுத்துகிறோம் என்பது தெரியாமல் போகும். கண்ணை மூடச் சொல்லிவிட்டு விரல்களைத் தொட்டு எந்த விரல் என்று கேட்டேன், சரியாகச் சொன்னார். நான் வைத்தியன் இல்லை, அதனால் கிளினிக்கிலும் பாதத்தைக் காட்டச் சொன்னேன். அங்கேயும் பயமில்லை என்றார்கள். இது மட்டும் பிழைத்திருந்தால் இந்தக் கேஸ் இங்கேயே முடிந்திருக்கும். மற்ற எல்லாவற்றுக்கும் வழி உண்டு, பெடலை உணராத காலுக்கு நான் வழி சொல்ல மாட்டேன்.

எந்தக் கார்

உண்மையைச் சொன்னால், கணக்குப் பார்த்தபோது ஓட்டோதான் மலிவு. இன்சூரன்ஸ், வரி, புகைச் சோதனை, சேர்விஸ் எல்லாவற்றையும் கூட்டினால் அந்த 23 பயணத்தையும் ஓட்டோவில் போய்விட்டு மிச்சத்தில் மாமிக்குச் சீலை எடுக்கலாம். மாமாவுக்குக் காட்டினேன். "தம்பி, விடிய ஆறு மணிக்குக் கிளினிக் நம்பர் எடுக்கப் போக, மழையில ஓட்டோக்காரனுக்குப் போன் அடிச்சுக்கொண்டு நிக்கிறது நானோ நீயோ?" என்றார். அதற்கு என்னிடம் பதில் இல்லை. பழையதையே வைத்திருக்கலாமா என்றும் பார்த்தோம். கிளச் பாரம், சீற் தாழ்வு, நீளம் கூட.

2020இல் நிறுத்தின வாகன இறக்குமதி, தனிப்பட்ட பாவனைக் கார்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் திறந்தது. வரியோடு சேர்த்துப் புதுக் காரின் விலையைக் கேட்டால் சாப்பாடு இறங்காது. ஆகவே பாவித்த ஜப்பான் கார், கிளச் இல்லாத ஓட்டோ கியர், சின்னது. மூன்றைப் பார்த்தோம்: அக்வா, விற்ஸ், வாகன் ஆர்.

ஆட்கள் கார் பார்க்கும்போது பொனற்றைத்தான் முதலில் திறப்பார்கள். நான் மாமியை ஏற்றி இறக்கினேன். அக்வாவுக்குள் இறங்கினா, ஏறினா என்று சொல்ல முடியாது, இறங்கினா, கிணற்றுக்குள் இறங்குகிற மாதிரி. வெளியே எடுக்க நானும் மாமாவும் ஆளுக்கொரு கை. விற்ஸில் பரவாயில்லை, ஆனால் கதவுச் சட்டத்தைப் பிடித்து எழும்பினா. வாகன் ஆரில் கதிரையில் இருந்து எழும்புகிற மாதிரி எழும்பி நின்றுகொண்டு, "இது நல்லாக் கிடக்கு" என்றா. மாமாவுக்கு முகம் கறுத்துவிட்டது. "பாண் பெட்டி மாதிரிக் கிடக்கு" என்றார்.

அப்புறம் அளவுநாடாவை எடுத்துக்கொண்டு வீட்டுக் கேற்றுக்குப் போனேன். வாகன் ஆரின் அகலம் 1.48 மீற்றருக்குள், ஜப்பானில் அந்தச் சின்ன ரகக் காருக்குச் சட்டம் விட்ட எல்லையே அதுதான், நீளம் 3.4 மீற்றர். பழைய கொரோலா 1.69 அகலம். அகலத்தில் ஒரு சாண் மிச்சம், நீளத்தில் இரண்டு முழம். மாமா தோட்டம் அளந்த மனிசன், மீற்றரில் சொன்னபோது தலையை ஆட்டினார், சாணும் முழமும் சொன்னபோதுதான் கேற்றடியில் போய் நின்று கையை விரித்துப் பார்த்தார். கார் வாகன் ஆர் என்பது அந்த இடத்தில் முடிவாகிவிட்டது.

மறைக்காமல் ஒன்றும் சொல்ல வேண்டும்: இது பாரம் குறைந்த கார், ஏ9இல் லொறிகளுக்கு நடுவில் நீண்ட தூரம் ஓடுகிற ஒருவருக்கு நான் இதைச் சொல்ல மாட்டேன். மாமா ரயிலில் போகிறவர் என்பதால்தான் சொன்னேன். முன்னால் மோதப் போனால் தானாக பிரேக் பிடிக்கும் வசதி இருக்கிறதைத் தேடி எடுத்தோம், ஆனால் அப்படி ஒன்று இருக்கிறது என்பதை மறந்துவிடும்படி மாமாவிடம் சொன்னேன்.

வாங்கின கதையைச் சுருக்கமாகச் சொல்கிறேன். முதல் பார்த்த காரில் மீற்றர் ஒரு கதை சொன்னது, கதவு இடுக்கில் ஒட்டியிருந்த ஒயில் மாற்றின ஸ்ரிக்கர் வேறு கதை சொன்னது, திரும்பி வந்துவிட்டோம். இரண்டாவதில் கால்விரிப்பைத் தூக்கினால் சேற்று மணம், எங்கேயோ வெள்ளத்துக்குள் நின்ற கார். மூன்றாவது சரி. ரயரின் பக்கச்சுவரில் இருக்கும் கடைசி நாலு இலக்கம் எந்த வாரம், எந்த வருடம் செய்தது என்று சொல்லும். தேயாமல் பூ நிறைய இருந்தும் நாலு ரயரும் எட்டு வருடப் பழசு, அதைக் காட்டியே மாமா விலையைக் குறைத்தார். பதிவுப் புத்தகத்தில் லீசிங் கொம்பனியின் பெயர் இருக்கிறதா என்று பார்த்து, ஓப்பன் பேப்பரில், அதாவது பதிவைப் பழைய பெயரிலேயே விட்டு, வாங்காமல், மாமாவின் பெயருக்கே மாற்றினோம். விலை அரைக் கோடியைத் தாண்டியது. பழைய 110 நினைத்ததை விட நல்ல விலைக்குப் போனது. வாங்கின பொடியன் அதன் கிளச்சை மிதித்துப் பார்த்து "சொல்லி வேலையில்லை அங்கிள்" என்றபோது மாமா அடுத்த பக்கம் திரும்பி நின்றார்.

இடது கால்

இனித்தான் என் தொழில்.

ஐம்பது வருடமாகக் கிளச் மிதித்த காலுக்குக் கிளச் இல்லை என்று யார் சொல்வது? முதல் நாள் ஒரு வெறும் வளவில், மெதுவாக உருட்டிக்கொண்டு போய், "சரி மாமா, நிப்பாட்டுங்கோ" என்றேன். வலது கால் பிரேக்குக்குப் போனது, கூடவே இடது காலும் கிளச் தேடிப் போனது. அந்த வாகன் ஆரில் ஹாண்ட்பிரேக் கையில் இல்லை, காலால் மிதிக்கும் பெடல், அதுவும் இடது ஓரத்தில், பழைய காரில் கிளச் இருந்த பக்கம். இடது கால் அதைக் கண்டுபிடித்து, அரைநூற்றாண்டு விசுவாசத்தோடு அடிமட்டும் மிதித்தது. கார் அப்படியே குத்தி நின்றது. என் நெற்றி டாஷ்போட்டுக்கு ஒரு விரல் தூரத்தில் நின்றது. மாமா அதிர்ந்துபோய் எஞ்சினை நிப்பாட்டிவிட்டுத் திரும்பப் போட, ஸ்பீக்கரில் ஒரு பொம்பிளைக் குரல் ஜப்பான் மொழியில் ஏதோ சொன்னது. "இவள் என்னடா சொல்லுறாள்?" என்றார். ஜப்பானில் அதிவேகப் பாதைக்குப் பணம் கட்டும் அட்டை போடவில்லை என்று சொல்கிறாள், ஒவ்வொரு தடவை ஸ்ராட் பண்ணும்போதும் சொல்வாள் என்றேன். "பாவம், அவளுக்கும் பழக்கம் விடேல்லை."

நான் செய்தது இதுதான். இடது காலில் செருப்பைக் கழற்றச் சொன்னேன், வலது காலுக்கு மட்டும் மெல்லிய அடியுள்ள கன்வஸ் சப்பாத்து. ஒரு கால் வெறுங்கால், ஒரு கால் சப்பாத்து. வெறுங்கால் கால்விரிப்பைத் தொட்டுக்கொண்டு இருக்கும்போது, தான் வேலையில் இல்லை என்பது அதற்குத் தெரியும். வெளியே எடுக்க முதல் இடது குதிக்காலை சீற்றோடு ஒட்டி வைத்து, "இருக்கு" என்று வாயால் சொல்ல வேண்டும். பக்கத்தில் நின்று பார்த்தவர்களுக்குச் சிரிப்பு. மூன்று கிழமை வெறும் வளவு, பிறகு விடிய ஐந்தரைக்கு ஆளில்லாத ஒழுங்கைகள், பிறகு சந்தை. எட்டாவது கிழமையில் ஒரு நாய் குறுக்கே பாய்ந்தபோது வலது கால் மட்டும் பிரேக்குக்குப் போனது, இடது கால் அசையவில்லை. அவசரத்தில் கால் என்ன செய்கிறது என்பதுதான் கணக்கு, ஆறுதலாக ஓடும்போது எல்லாருக்கும் சரியாகத்தான் வரும்.

றப்பர் செருப்போடு ஓடுவதை முற்றாக நிறுத்தினோம். வயதானவர்கள் பிரேக் என்று நினைத்து அக்சிலேற்றரை அமத்தி மதிலுக்குள் போகும் கதை இங்கேயும் உண்டு, அதில் பாதி, வலது கால் பாதியில் தொங்கிக்கொண்டு நிற்பதால் வருவது என்பது என் அனுபவம். குதி பிரேக்குக்கு நேரே நிலத்தில் ஊன்றி நிற்க வேண்டும், அக்சிலேற்றருக்கு முன்பாதம் மட்டும் சரிய வேண்டும்.

சந்தியில் நிற்கும்போது எஞ்சின் தானாக நின்றுவிடுவது இன்னொரு கரைச்சல். மாமா அதைக் கார் செத்துவிட்டது என்று நினைத்துப் பதறி, கையால் கியரைத் தேடுவார். பெற்றோல் மிச்சம் பிடிக்கும் வசதிதான், ஆனால் பதற்றத்தின் விலை அதைவிடக் கூட. அதை நிப்பாட்டும் பொத்தானைக் காட்டிக் கொடுத்தேன். இப்போது சாமி கும்பிட்டுச் சாவி போட்டதும் அதையும் அமத்துகிறார்.

கழுத்துக்கு, பக்கக் கண்ணாடிகளைச் சொந்தக் கார் அரும்பொட்டாகத் தெரியும் அளவுக்கு வெளியே திருப்பினோம். பின் கமராவை அவர் நம்பவில்லை, நானும் வற்புறுத்தவில்லை. அதற்குப் பதிலாக, வீட்டுக்குள் நுழையும்போதே றிவேர்ஸில் நுழைவது, வெளியே போகும்போது முகத்தால் போவது. களைப்போடு திரும்பி வந்து ஆறுதலாகப் பின்னுக்கு எடுப்பதில் ஆபத்துக் குறைவு, சைக்கிளில் பள்ளிக்கூடப் பிள்ளைகள் போகிற ஒழுங்கைக்குள் பின்பக்கத்தால் போய் விழுவதில்தான் ஆபத்து.

வேகத்தைப் பற்றிப் பெரிதாகக் கதைக்கத் தேவை வரவில்லை. 50இல் போகும் கார் ஒரு விநாடிக்கு 14 மீற்றர் போகும், அரை விநாடி பிந்தினால் ஏழு மீற்றர், உங்கள் பழைய கார் ஒன்றரை நிற்கும் நீளம் என்று சொன்னேன். அன்றிலிருந்து 40. பின்னால் ஹோன் அடிக்கிறவனை இடது பக்கம் ஒதுங்கி விட்டுவிடுகிறார். வலப்பக்கம் திரும்புவது இருபக்க வாகனத்தையும் கணக்குப் பார்க்கிற வேலை, அதனால் சந்தைக்கு இடப்பக்கத் திருப்பங்களால் சுற்றிப் போகும் ஒரு பாதையைத் தானே கண்டுபிடித்தார். அரைக் கிலோமீற்றர் கூட. பள்ளி விடும் ஒன்றரை மணிக்குக் கார் எடுப்பதில்லை. ரயில் கடவையில் ரேடியோவை நிப்பாட்டிக் கண்ணாடியை இறக்கிக் காது கொடுக்கிறார். நல்லூர்த் திருவிழா இருபத்தைந்து நாளும் கார் வீட்டில்.

ஆறு மணிக்குப் பிறகு ஓடுவதில்லை என்பதுதான் கடைசியாக வந்தது, கண் தெளிந்த பிறகு அவருக்கே இரவில் ஓடலாம் போல இருந்தது. மாமியோடு ஒரு வாரம் கதை பேச்சில்லை. பிறகு மானிப்பாயில் ஒரு செத்தவீடு. பின்னேரம் காரில் போனவர்கள், கிரியை பிந்தி ஏழரை ஆகிவிட்டது. மாமா காரை அந்த வளவிலேயே விட்டுவிட்டு மாமியை ஓட்டோவில் ஏற்றிக்கொண்டு வந்துவிட்டார். அடுத்தநாள் காலை பஸ்ஸில் போய் எடுத்து வந்தார். யாரும் சொல்லவில்லை, எனக்கே இரண்டு நாள் கழித்து மாமி சொல்லித்தான் தெரியும்.

கார் வந்து இப்போது ஏழு மாதம். போன கிழமை விடிய ஆறரைக்குப் போன் அடித்தது. "டேய் தம்பி, இடது பக்க முன் மூலையில வெள்ளை பட்டிருக்கு. எங்கடை மதில்தான். கேற்றுக்குள்ள எடுக்கேக்கை வலது பக்கத்தை மட்டும் பாத்திட்டன். பின்னேரம் வந்து பார்." பின்னேரம் போனேன். விரல் நகத்தளவு.